மகள் என்ற சொல்லின் கட்டணம்

ஓட்டல் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். நாளொன்றுக்கு நானூறு விரிப்பு மடிப்பாள். ஒன்றின் ஓரம்கூட மற்றதைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்காது. நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊரில் இது பதினான்காவது வருடம். சம்பளச் சீட்டில் புரியாத பிடித்தம் ஒன்று வந்தால், அது எதற்கென்று தெரியாமல் கையெழுத்துப் போடமாட்டாள். “உனக்குச் சீட்டு குடுக்கறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிப்போகுது” என்பார் மேற்பார்வையாளர்.

வீட்டில் அவளும் மகளும் மட்டும். பெற்றவள் தங்கை. அவளும் இதே ஊருக்கு, ஐந்து வயதுப் பிள்ளையோடு வேலைக்கு வந்தவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வயிற்றில் கட்டி வந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். பிள்ளையின் அப்பா அதற்கும் ரொம்ப முன்பே, பதினோரு வருடமாக, எங்கே இருக்கிறார் என்று எந்தத் தகவலும் இல்லை. தங்கை இருந்தவரை “பெரியம்மா” என்றுதான் கூப்பிட்டாள் பிள்ளை. அப்புறம் எந்த நாளில் என்று யாரும் குறித்துவைக்கவில்லை, அந்தப் ‘பெரி’ உதிர்ந்து போனது.

பிள்ளைக்கு இப்போது பதினாறு. தங்கும் அனுமதி இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்ற உறுதிமொழி ஒன்றை நோட்டரி முத்திரையோடு வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவர வேண்டும் என்று அனுமதி அலுவலகம் கடிதம் போட்டிருந்தது. இல்லையென்றால் பிள்ளை சொந்த ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். பத்தாம் வகுப்புப் பரீட்சை அடுத்த மாதம் நாலாம் தேதி.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, நோட்டரி அலுவலகம் இருந்த கட்டடத்துக்குப் போனாள் மடிப்பக்கா. அங்கே நடைவழியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்புக்காரி தமிழ் பேசுகிறவள், வயதிலும் சின்னவள். சுவரில் கட்டணப் பலகை தொங்கியது. படித்துச் சொல்லச் சொல்லி, மடிப்பக்கா ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டாள்.

“கையெழுத்து ஒண்ணுக்கு நாப்பது. நகல்னா பக்கத்துக்கு அஞ்சு. உங்ககிட்ட எத்தனை பக்கம்?”

“ரெண்டு தாள்.”

“தாள் இல்லக்கா, பக்கம். ரெண்டு புறமும் எழுத்து இருந்தா ரெண்டு பக்கம்.”

“வெறும் புறத்துக்கு?”

“அதுக்குக் காசில்ல.”

“பரவால்லியே, நோட்டரிக்கும் கொஞ்சம் மனசாட்சி இருக்கு. நாலு பக்கம், இருபது. ஆமா, பெரிய விஷயமா எழுதினா கையெழுத்துக்குக் கூடக் கேப்பாங்களா?”

“மாட்டாங்க. நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு அவர் விலை பேசறதில்ல. போடறது நீங்கதானான்னு பாக்கறாரு, அதுக்குத்தான் நாப்பது. ஆனா உறுதிமொழின்னா சத்தியம் பண்ணணும். அதுக்கு முப்பது மேல.”

“உண்மையச் சொல்றதுக்கு முப்பதா?”

“பொய் சொன்னாலும் முப்பதுதான். அதுக்கப்புறம் கோர்ட்டுல தனியா வாங்கிக்குவாங்க.”

இருவரும் சிரித்தார்கள். உறுதிமொழியை மொழிபெயர்க்கப் பக்கத்துக்கு இருபத்தைந்து, இரண்டு பக்கம். ஆக மொத்தம் நூற்று நாற்பது. “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்” என்று முணுமுணுத்தாலும், கணக்குப் பிடிபட்டதில் அவளுக்கு ஒரு தெம்பு வந்திருந்தது. எது எதற்கு எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்பது அவள் எண்ணம்.

“யாருக்கு உறுதிமொழி?”

“என் மகளுக்கு.”

மொழிபெயர்ப்புக்காரி ‘தாயாகிய நான்’ என்று உள்ளூர் மொழியில் தட்டச்சு செய்தாள். அந்த மொழி மடிப்பக்காவுக்கு விரிப்பு எண்ணுகிற அளவுக்குத்தான் வரும்.

வியாழக்கிழமை மூவருமாக நோட்டரியின் அறைக்குள் போனார்கள். பிள்ளை பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். மடிப்பக்கா பேனாவைத் திறந்தே வைத்திருந்தாள். நோட்டரி கடவுச்சீட்டைப் பார்த்தார், பிறப்புச் சான்றைப் பார்த்தார், மறுபடியும் கடவுச்சீட்டைப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்புக்காரியிடம் ஏதோ கேட்டார். அவள் முகம் சுண்டிப்போனது.

“அக்கா, பிறப்புச் சான்றுல அம்மா பேரு வேறயா இருக்கு?”

“அது என் தங்கச்சி.”

“தங்கச்சியா? மகள்னு சொன்னீங்களே!”

“தங்கச்சி பெத்தது எனக்கு மகள் இல்லாம வேற யாரு? நீயும் தமிழ்தானே. உன் அக்கா பிள்ளைய நீ என்னன்னு சொல்லுவ?”

“மகள்னுதான் சொல்லுவேன்” என்றாள் அவள், குரல் இறங்கி. “ஆனா இந்த ரூமுக்குள்ள சொல்லமாட்டேன்க்கா. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். இவங்க மொழியில பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி எல்லாத்துக்கும் ஒரே சொல்லு. அதுல அம்மா இல்ல.”

நோட்டரி கோபப்படவில்லை. முதல் பக்கத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார், அளவுகோல் வைத்து. பெற்றோர் அல்லாதவர் என்றால் காப்பாளர் என்று கோர்ட்டு உத்தரவு வேண்டுமாம். உத்தரவுக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும், இல்லை அவர் இறந்த சான்று வேண்டும்.

“இருக்காரா செத்தாரான்னே தெரியாத மனுஷன்கிட்ட நான் எந்தச் சான்றை வாங்குவேன்?” என்றாள் மடிப்பக்கா. கையிலிருந்த சீட்டைப் பிரித்தாள். “சரி, பெரியம்மாவுக்கு எவ்வளவு? ரேட்டு கூடன்னாலும் சொல்லச் சொல்லு. பாத்துக்கலாம்.”

மொழிபெயர்ப்புக்காரி கேட்டுச் சொன்னாள்: “இதுக்குக் கட்டணமே இல்லக்கா.”

“இலவசமா?”

“இல்லக்கா. கட்டணம் இல்லன்னா பண்ண முடியாதுன்னு அர்த்தம்.”

மடிப்பக்கா சீட்டை மடித்தாள். நோட்டரியே ஒரு வழி சொன்னார்: நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுக்கலாம். அலுவலகம் ஏற்குமா என்று அவரால் சொல்ல முடியாது. ஒரு கையெழுத்து, ஒரு சத்தியம், எழுபது. மொழிபெயர்ப்புக்காரி தன் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அங்கேயே இருந்த கணினியில் அடித்தாள். இரண்டே பத்தி. அச்செடுத்த தாளைத் தமிழில் படித்துக் காட்ட வாய் திறந்தாள்.

“நான் படிக்கிறேன்” என்று பிள்ளை வாங்கிக்கொண்டாள். இரண்டு மொழியும் அவளுக்குப் பள்ளிக்கூடத்து மொழி. “‘நான் இந்தப் பிள்ளையின் தாய் அல்ல. தாயின் அக்கா. இரண்டு வருடமாக இவள் என் பராமரிப்பில்...’” முதல் வரியைக் கொஞ்சம் வேகமாகக் கடந்தாள், அவ்வளவுதான். “சரியாத்தாம்மா இருக்கு. போடு.”

மடிப்பக்கா வலது கையை உயர்த்தி, எழுதியிருப்பது உண்மை என்று சத்தியம் செய்தாள். கையெழுத்துப் போட்டாள். நோட்டரி முத்திரை குத்தி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

மறுநாள் அனுமதி அலுவலகத்தில் இரண்டரை மணி நேரம் காத்திருந்தார்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி தாளைப் பொறுமையாகப் படித்தார், வரவு முத்திரை போட்டார், கோப்பைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்துப் பேசினார். பிள்ளை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

“என்னடி சொல்றாரு?”

“முப்பதாம் தேதி முப்பதாம் தேதிதானாம்.”

“இதைப் படிச்சாரா இல்லியா?”

“படிச்சாரும்மா. நீ எனக்கு என்ன உறவுன்னு போட்டிருக்கில்ல, அதே உறவுல ஊர்லயும் ஒருத்தங்க இருக்காங்களாம். என்னைப் பெத்த அம்மா இங்க வந்தப்பவே பாரத்துல எழுதிக் குடுத்திருக்கா. அதனால என்னை அனுப்பினாலும் தனியா விட்ட மாதிரி ஆகாதாம்.”

“அங்க யாருடி இருக்கா?”

“அத்தை.”

நாலு வயதில் ஒரே ஒரு முறை பார்த்த அத்தை. மடிப்பக்கா ஜன்னலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, “அத்தை வேற, நான் வேறன்னு சொல்லு” என்றாள். “சொல்லுடி, உனக்குத்தான் பேச வருமே.”

பிள்ளை அதிகாரியைப் பார்த்தாள். வாயெடுத்தாள். அந்த மொழியில் இரண்டுக்கும் அவளிடமும் ஒரே சொல்தான் இருந்தது. பலகையில் அடுத்த எண் விழுந்தது. பின்னாலிருந்தவர் முன்னால் வந்து நின்றார்.