படத்துக்குக் கீழே ஒரு வரி

போன சனிக்கிழமை ஓவிய வகுப்பு முடிந்து வந்த என் மகளின் கையில் பெயிண்ட் கரைக்கும் டர்பெண்டைன் வாசனை அடித்தது. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினேன். தேங்காய் எண்ணெய் தேய்த்து மறுபடியும் கழுவினேன். அதிகமாகக் கழுவிவிட்டோமோ, தோல் வறண்டுவிடுமோ என்று கைப்பேசியில் தேடினேன். தேடியிருக்கக் கூடாது. அவளுடைய ஆசிரியை பள்ளிக்கூடச் சுவர்களில் சித்திரம் வரைந்து பிழைக்கும் பெண். ‘பிள்ளைக்கு என்ன டப்பாவைத் திறந்து கொடுத்தீர்கள்?’ என்று கேட்டு அனுப்பலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மகள் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தானம்மா இருக்கு” என்றாள்.

நல்லாத்தான் இருக்கும். அவள் வயதில் நானும் இதே நெய்வேலியில் அதை மூக்கு நிறைய இழுத்தவள்தான். இதை அவளிடம் சொல்லவில்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் பாஷாண்ணன். பண்ருட்டிக்காரர், அப்போது இருபத்தைந்து வயதுதான் இருக்கும். சுரங்கத்தில் எச்சரிக்கைப் பலகை எழுதும் கான்ட்ராக்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் பிடித்து வந்து, எங்கள் குடியிருப்பு பிளாக்கின் மன்ற ஹால் வராந்தாவில் பதினான்கு பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் இருந்ததெல்லாம் கான்ட்ராக்டர் வேண்டாமென்று ஒதுக்கிய பெயிண்ட் டப்பாக்களின் அடிமிச்சம், டர்பெண்டைன் விட்டுக் கரைத்தது. மஞ்சள், கறுப்பு, கொஞ்சம் சிவப்பு. ஆகவே எங்கள் வானம் மஞ்சள், மாமரம் கறுப்பு. எங்கள் படங்களில் ஒரு கிளிகூடப் பச்சையாகப் பறந்ததில்லை.

நான் ஒரு கோட்டைப் போட்டுவிட்டு நான்கு முறை “சரியாண்ணா?” என்று கேட்கிற ஜாதி. அவர் குனிந்து பார்க்கவே மாட்டார். படத்தை எடுத்துத் தூணில் சாய்த்துவைத்து, பத்தடி பின்னால் போய் நிற்பார்.

“இங்கேர்ந்து தெரியுதா பாப்பா? வண்டி ஓட்டிக்கினு வர்றவன் எறங்கி வந்தா படிப்பான்? கோட்ட தடியா போடு.”

இப்படித்தான் எங்கள் பிளாக்கில் பூனைக்கு மீசை விரல் பருமனில் முளைத்தது.

அந்த வராந்தாவுக்கும் ஆபத்து வந்தது. கராத்தே மாஸ்டர் ஒருவர் அதே ஞாயிறு காலையைக் கேட்டிருந்தார். மன்றத்தின் செயலாளர் மாமா திருநெல்வேலிக்காரர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுபவர். “மாசக் கடைசியில ஒரு கண்காட்சி வைங்க. பாத்துட்டுச் சொல்லுதேன், யாருக்குன்னு” என்று சொல்லிவிட்டார். தலைப்பும் அவரே கொடுத்தார்: ‘எங்கள் குடும்பம்.’

இங்கேதான் நான் வருகிறேன். அம்மா அடுப்படியில் நிற்பதுபோல் வரைந்தேன். பாஷாண்ணன் பலகைகளில் இருப்பதுபோலச் சுற்றிலும் மஞ்சள் கறுப்புச் சாய்கோடு இழுத்தேன். கண்காட்சியன்று காலை வராந்தாவில் வைத்துப் பார்த்தபோது அப்படியும் ஏதோ குறைந்தது. சுரங்கத்துப் பலகை எதிலும் படம் மட்டும் தனியாக இருந்து நான் பார்த்ததில்லை, கீழே ஒரு வரி இருக்கும். வீட்டுப்பாடம் பாதியில் நிற்பதுபோல் மனசு உறுத்தியது. எழுதிவிட்டேன்: ‘அருகில் வராதீர்.’

அம்மாவைக் குறை சொல்ல எழுதவில்லை. இன்றைக்கும் இதைச் சொல்லிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் தன் அப்பாவுக்குக் கீழே ‘ஒலி எழுப்பாதீர்’ என்று எழுதினாள். யாரோ தங்கள் தாத்தாவுக்கு ‘இங்கு புகை பிடிக்காதே’ எழுதினார்கள். கைக்குழந்தைத் தம்பி ஒருவனுக்குக் கீழே ‘வழுக்கும் பகுதி.’ கால் மணி நேரத்தில் பதினான்கு குடும்பங்களும் எச்சரிக்கப்பட்டுவிட்டன. பாஷாண்ணன் அன்று பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார். அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது, செயலாளர் மாமா தன் மகன் வரைந்த படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அதில் இருந்தது அவர்தான். கண்ணாடி, மீசை எல்லாம் அப்படியே. தலைக்கு மேலே ஒரு மண்டையோடு, இரண்டு எலும்பு. கீழே: ‘அபாயம். தொடாதே.’

என் அம்மா தன் படத்துக்கு எதிரில் நின்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதச் சொல்லிக்குடுத்தது யாரு?” என்றார் மாமா.

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையைத் தூக்கிவிட்டுச் சொல்வதா, தூக்காமலே சொல்வதா என்று யோசித்தேன்.

பாஷாண்ணன் பதினான்கு படங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “நான்தாங்க சார்” என்றார். பிறகு பழக்க தோஷத்தில் பத்தடி பின்னால் போய் நின்று, “எழுத்துக்கு நடுவுல எடம் பத்தல. மத்தபடி நல்லா தெரியுதுங்க” என்றார்.

செயலாளரின் மனைவிதான் முதலில் சிரித்தார். முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. “பத்து வருசமா நான் வாயால சொல்லுதேன், ஏறல. புள்ள எழுதியே மாட்டிட்டான். ஏங்க, இவங்களுக்கே எடத்தக் குடுத்துருங்க. இல்லன்னா இத நம்ம வீட்டு வாசல்ல மாட்டிருவேன்.”

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வராந்தால வேண்டாம், வெயிலு அடிக்கு. ஹாலுக்குள்ளயே நடத்துங்க. ஆனா ஒண்ணு, இனிமே எழுத்து கூடாது.”

எழுத்து இல்லாமல் மூன்று வருடம் நடந்தது. கீழே எழுதி ஒப்பேற்ற முடியாததால் கோபத்தை முகத்திலேயே வரைய வேண்டியிருந்தது. அதில் அம்மா மட்டும் எனக்கு நன்றாக வந்தாள். கான்ட்ராக்ட் முடிந்து பாஷாண்ணன் ஒரு திங்கட்கிழமை ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார். ஆரம்பித்தது நான் என்று அந்த மூன்று வருடமும் நான் அவரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்றிருந்தேன்.

பழசாகிவிட்டதென்று அந்த பிளாக்கைக் காலி செய்து வீடுகளையும் ஹாலையும் இடித்தாகிவிட்டது. போன மாதம் அந்த வழியாக வண்டியில் போனபோது எங்கள் வீடு எந்த வரிசையில் இருந்தது என்றே பிடிபடவில்லை. ஹால் இருந்த இடத்தில் முள்ளும் புதருமாக இருந்தது. இறங்கிப் பார்க்கலாமா, பாம்பு கீம்பு இருக்குமோ என்று யோசித்து முடிப்பதற்குள் வண்டி அடுத்த பிளாக்குக்கு வந்துவிட்டது.