பதினெட்டா, இருபத்து நான்கா?

இருபத்தைந்துக்குப் பதினெட்டு என்பது நல்ல மதிப்பெண்ணா? இரண்டு நாடுகளில் விடைத்தாள் திருத்திய பிறகும் இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. புதிதாகக் கல்லூரி வேலைக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெளிவு கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அங்கே

கணவரின் சாஃப்ட்வேர் வேலைக்காக இங்கிலாந்து போனபோது, ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளியல் டியூட்டராகப் பகுதிநேர வேலை கிடைத்தது. முதல் முறை கட்டுரைகள் திருத்தும்போது, நன்றாக எழுதியிருந்த ஒரு பையனுக்கு நூற்றுக்கு எண்பத்தெட்டு போட்டேன். பாடத்துக்குப் பொறுப்பான அம்மையார் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“எண்பத்தெட்டா? அப்ப நாளையிலிருந்து இவனே எனக்குப் பாடம் எடுக்கட்டும்!”

அங்கே அறுபதைத் தாண்டுவதே பெரிய விஷயம், எழுபது வந்தாலே முதல் வகுப்பு. அறுபத்தெட்டாகக் குறைத்தேன். அந்தப் பையன் என்னைத் தேடி வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனான். வீட்டில் கணவரிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை.

இங்கே

மகள் பிறந்த பிறகு ஊர் திரும்பி, குடவாசல் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். இங்கிலாந்தில் கேள்வித்தாள் எடுப்பதும் திருத்துவதும் பாடம் நடத்தியவர்களே, இன்னொருவர் சரிபார்ப்பார். இங்கே எழுபத்தைந்து மதிப்பெண் பல்கலைக்கழகத் தேர்வுக்கு. யார் திருத்துகிறார் என்றே தெரியாது. மீதி இருபத்தைந்து இன்டர்னல். அது மட்டும்தான் எங்கள் கையில்.

விளைபொருள் விலை பற்றி இருபத்தைந்துக்கு ஒரு அசைன்மென்ட் கொடுத்தேன். மூன்றாம் ஆண்டு மாணவி மேரி, ஈர நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் காத்துக் கிடக்கும் விவசாயி ஏன் வியாபாரி சொன்ன விலைக்கே கொடுத்துவிடுகிறார் என்று, தன் அப்பாவின் நெல்லை வைத்தே எழுதியிருந்தாள். எந்தக் கைடிலும் இல்லாத பதில். சந்தோஷமாகப் பதினெட்டு போட்டு, கீழே பாராட்டி நாலு வரி எழுதினேன். வகுப்பிலேயே அதுதான் அதிகம்.

மறுநாளே அவள் அப்பா வந்துவிட்டார்.

“மேடம், பொண்ணு எதாச்சும் எதுத்துப் பேசிடுச்சுங்களா?”

“ஐயோ, இல்லீங்க. உங்க பொண்ணுதான் கிளாஸ்லயே ஃபர்ஸ்ட்.”

“பின்ன மத்த வாத்தியாருங்கல்லாம் இருவத்திநாலு போட்டுருக்காங்க, நீங்க மட்டும் பதினெட்டுங்கிறீங்களே? தப்பு பண்ணியிருந்தா சொல்லிடுங்க மேடம், நான் கண்டிச்சு வைக்கிறேன்.”

மேரிக்குத் திருச்சியில் எம்.ஏ. படிக்க ஆசை. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் அங்கே சீட். விஷயம் துறைத்தலைவர் வரைக்கும் போனது.

“என்னம்மா, பிள்ளைங்க மேல கோவமா?”

“இல்ல சார், அங்கல்லாம் எழுபதே...”

“அங்க எழுவது ஃபர்ஸ்ட் கிளாஸ், சரி. திருச்சில அட்மிஷன் போடுறவருக்கு அது தெரியுமா? எழுவத்தஞ்சு யார் கையிலயோ இருக்கு. பிள்ளைங்களுக்கு நாம செய்யக்கூடியது இந்த இருவத்தஞ்சுதான். அதுலயும் லண்டன் கஞ்சத்தனமா?”

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. அவர் சொன்னது தவறு என்று எனக்கும் தோன்றவில்லை. மேரிக்கு இருபத்து நான்கு போட்டேன். அவளுக்கு மட்டும் ஏற்றுவது நியாயமா என்று யோசித்து எல்லோருக்கும் ஏற்றினேன். கைடைப் பார்த்து அப்படியே எழுதியவர்களும் இருபத்து மூன்றுக்கு வந்துவிட்டார்கள்.

மேரி வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“மேம், பதினெட்டுல நான்தான் ஃபர்ஸ்ட். இருவத்திநாலுல நானும் ஒரு ஆளு, அவ்ளோதான்.” சொல்லிவிட்டு உடனே பதறினாள். “ஆனா மாத்திடாதீங்க மேம். திருச்சி சீட் வேணும்.”

வீட்டில்

என் மகள் எல்.கே.ஜி. போகிறாள். தினமும் அவள் நோட்டில் ஐந்து ஸ்டார் இருக்கும். எதற்கு எல்லோருக்கும் ஐந்து என்று கணவரிடம் குறைபட்டுக்கொள்வேன். போன வாரம் ஒருநாள் மூன்றுதான் இருந்தது. மறுநாள் காலையில் பள்ளி வாசலில் அவள் டீச்சரைப் பிடித்து நிறுத்தினேன்.

“மிஸ், பாப்பா எதாவது சேட்டை பண்ணினாளா?”

கேட்ட பிறகுதான் மேரியின் அப்பா நினைவுக்கு வந்தார்.

இப்போது அடுத்த அசைன்மென்ட் என் மேஜையில் இருக்கிறது. மேரி முன்பைவிட நன்றாக எழுதியிருக்கிறாள். பென்சிலால் ஒரு எண்ணைப் போடுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். திருச்சி சீட்டும் போகக்கூடாது, அவள் எழுத்துக்கு உரிய முதலிடமும் போகக்கூடாது. இதைப் படிக்கும் ஆசிரியர்களே, நீங்கள் என்ன போடுவீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். திங்கட்கிழமை நான் பேனாவால் எழுதியாக வேண்டும்.