றீற்றா அக்காவின் அகலக் கழுத்துச் சட்டை

போன செவ்வாய்க்கிழமை விடியத் தொலைபேசி அடித்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். ஈரக்கையோடு எடுத்தேன். குருநகரிலிருந்து றீற்றா அக்காவின் தங்கை ஸ்ரெல்லா கதைத்தார். "வசந்தியக்கா, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றார். பிறகு சொன்னார்: "தன்னை நீங்கள்தான் உடுத்திவிட வேணும் எண்டு ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை சொன்னவ. பின்னேரம் வீட்டை கொண்டு வந்திடுவினம். வருவியளோ?"

ஓம் என்றேன். பிறகு அலுமாரியைத் திறந்து ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பைக்குள் வைத்தேன். எத்தனையோ செத்தவீடுகளுக்குப் போய் வந்த எனக்கு இந்த முறை ஒரு பயம் இருந்தது. றீற்றா அக்காவின் சட்டைக் கொளுக்கியில் நான் கை வைக்க வேண்டுமே என்ற பயம் அது. அது ஏன் என்று சொன்னால்தான் அவர் எப்படிப்பட்டவர் என்று அறியாதவர்களுக்கு விளங்கும்.

யாழ்ப்பாண நகரில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் நாங்கள் இருவரும் எழுதுவினைஞர்களாக இருந்தோம். நான் முந்திச் சேர்ந்தவள். அவர் கொழும்பில் ஒரு புடவைக்கடையின் கணக்குப் பகுதியில் வேலை பார்த்துவிட்டு, எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கியவர். அந்த உடுத்த உடுப்பே எங்கள் கந்தோரை வாய்பிளக்க வைத்தது. நீல நிறத்தில் மொரமொரவென்று நிற்கும் நூல் சீலை, தோளில் சுருக்கு வைத்த வெள்ளைச் சட்டை. வெந்த வீட்டை விட்டு ஓடிவந்த மனுசி இப்படி இருந்தால், நல்ல நாளில் எப்படி இருந்திருப்பார் என்று நாங்கள் கதைத்துக்கொண்டோம்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எந்த நேரமும் ஒரு பைலை நெஞ்சோடு அணைத்தபடி, தோளைக் குறுக்கிக்கொண்டுதான் நடப்பேன். காரணம் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. றீற்றா அக்கா வந்த கிழமையே சொல்லிவிட்டார். "வசந்தி, உந்தப் பைலை இறக்கும். ஒருத்தரும் களவெடுக்க மாட்டினம். களவெடுக்க அங்கை என்ன கிடக்கு?" கந்தோர் முழுக்கச் சிரித்தது. நான் போய் மலசலகூடத்துக்குள் நின்று அழுதேன். மத்தியானம் தன் சோற்றுப் பெட்டியோடு என் மேசைக்கு வந்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. பொரித்த மீனில் பெரிய துண்டை என் சோற்றில் வைத்துவிட்டு, "உம்மடை சட்டையைத் தைச்சவனைத்தான் மறியலிலை அடைக்க வேணும்" என்றார்.

பிறகு விளக்கம் தொடங்கியது. "நெஞ்சிலை டாட் எண்டு மடிப்புப் பிடிச்சுக் கூராத் தைச்சால், உள்ளுக்கு ஆள் இல்லாத கூடாரம் மாதிரித்தான் நிக்கும். எங்களுக்கு டாட் வேண்டாம். தோள் துண்டுக்குக் கீழை சுருக்கு வைச்சு விட்டால் துணி தானா நிறைஞ்சு காட்டும்." நைலக்ஸ் சீலையை அவர் கண்ணில் காட்டக் கூடாது. அது உடம்போடு ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லிவிடும் என்பார். கஞ்சி போட்ட நூல் சீலை, குறுக்குக் கோடு, பெரிய பூ, வெளிர்நிறச் சட்டை. சீலைத் தலைப்பை விசிறி மாதிரி மடித்துக் குத்தாமல், ஒற்றையாக விரித்துத் தோளில் விட வேண்டும். கையில் கொஞ்சம் புடைப்பு இருந்தால் பார்க்கிறவரின் கண் அங்கே போய்விடும். "எல்லாத்துக்கும் மேலாலை நிமிந்து நில்லும். கூனினால் கடவுள் தந்த கொஞ்சமும் காணாமல் போகும்."

அவர் "எங்களுக்கு" என்று சொன்னதை நான் ஒரு மரியாதைப் பேச்சு என்றுதான் நினைத்தேன். அவரைப் பார்த்தால் எல்லாம் அளவாக, அழகாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு. இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்குச் சொல்லும் புத்தி எனக்கு எப்போதும் ஆகாது. ஆனாலும் அவரே தைத்துத் தந்த சட்டையைப் போட்டுக்கொண்டு, பைல் இல்லாமல், கையை வீசி கந்தோருக்குள் நடந்த நாளை நான் மறக்கவில்லை.

எண்பத்தெட்டில் எனக்குப் பேசி வந்த ஒரு சம்பந்தம் குழம்பியது. "பிள்ளை மெத்த ஒட்டலாம், நெஞ்சிலை தசையே இல்லையாம்" என்று பொடியனின் தாய் சொன்னதைத் தரகர் கூச்சமில்லாமல் எங்கள் அச்சுவேலி வீட்டு முற்றத்தில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா இல்லாத வீடு. அம்மா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்த காலம் அது. சுற்றிவளைப்பு என்றால் கடல் கடந்து வந்திருந்த இராணுவம் என் வயதுப் பெண்களைத்தான் முதலில் வரிசையில் நிறுத்தும். கலியாணம் முடிந்தால் பிள்ளை தப்பும் என்று ஒவ்வொரு தாயும் நம்பினாள். அடுத்த சம்பந்தம் வந்தபோது நல்லூர்க் கோயிலில் பெண் பார்ப்பது என்று முடிவாயிற்று. அம்மா றீற்றா அக்காவிடம் சொல்லியனுப்பினார். சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தர வேண்டும், கழுத்தையும் மூடித் தைக்க வேண்டும்.

றீற்றா அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "வெட்டிலை செய்யிற வேலையைப் பஞ்சாலை செய்யக் கூடாது" என்றார். ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தைத்தார். இலவம் பஞ்சை அடைத்து இரண்டு வில்லைகள். உள்துணியில் அவற்றைச் செருக இரண்டு பைகள். மேலே கழுத்து வரை ஏறிய சுருக்குப் பிறில். முதல்நாளே எங்கள் வீட்டுக்கு வந்து நின்று, காலையில் என்னை உடுத்தியும் விட்டார். அவர் முகம் கழுவப் போன நேரம் அம்மா தன் பதக்கத்தைக் கொண்டுவந்து ஒரு வில்லையைப் பிரித்து உள்ளே வைத்துத் தைத்துவிட்டார். அந்த நாட்களில் நகையை எல்லோரும் உடுப்புக்குள் வைத்துத்தான் தைத்தார்கள். வீட்டில் விட்டுவிட்டு வரவும் பயம், கழுத்தில் போட்டுக்கொண்டு போகவும் பயம். "கோயில் வாசலிலை எடுத்துப் போடுவம்" என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன்.

மூவரும் மினிபஸ்ஸில் புறப்பட்டோம். பாதி வழியில் சென்றியில், இராணுவத்தின் சோதனைக் காவலரணில், பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கினோம். பெண்களைச் சோதிக்க ஒரு பெண் சிப்பாய் நின்றாள். அவளுடைய பாஷை எங்களுக்கு விளங்காது, எங்களுடையது அவளுக்கு விளங்காது. அம்மாவை விட்டாள். என் கழுத்துப் பிறிலைப் பிடித்து விலக்கிப் பார்த்தாள். கை கீழே இறங்கியது. நெஞ்சில் வந்து நின்றது. அவளுடைய விரல்கள் பஞ்சுக்குள் கெட்டியாகக் கிடந்ததைப் பிடித்துக்கொண்டன. அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். ஒரேயொரு தமிழ்ச் சொல்லைக் கத்திக்கொண்டு பின்னுக்குப் பாய்ந்தாள். "குப்பி!"

இயக்கத்துப் பிள்ளைகள் கழுத்தில் கறுத்த நூலில் நஞ்சுக் குப்பி கட்டியிருந்த காலம். பிடிபட்டால் கடித்துவிடுவார்கள். அதனால் இளம் பெண் ஒருத்தி நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோனால் அவர்களுக்கு அதற்கு ஒரு அர்த்தம்தான் உண்டு. சுற்றிவரத் துவக்குகள் நிமிர்ந்தன. என் இரண்டு கைகளும் தாமாகவே மேலே போய்விட்டன. அது பதக்கம் என்று காட்ட வேண்டுமானால் நான் என் நெஞ்சைத் தொட வேண்டும். தொட்டால் சுட்டுவிடுவார்கள். தொடாவிட்டால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். "நகை ஐயா, நகை" என்று அம்மா குழறினார். அந்தச் சொல் அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. என் சீலைக்குள் மூத்திரம் ஓடியது.

"கையை இறக்காதை!" பின்னால் றீற்றா அக்காவின் குரல் கேட்டது. ஐந்து வருடமாக என்னை நீர் என்று கதைத்தவர் அன்று நீ என்றார். "வசந்தி, என்ன நடந்தாலும் கையை இறக்காதை." பிறகு வரிசையை விட்டு வெளியே வந்தார். ஒரு துவக்கு அவர் பக்கம் திரும்பியது. அவர் தன் கையை மெல்ல, மிக மெல்ல, தன்னுடைய நெஞ்சுக்குக் கொண்டுபோனார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடிச்சத்தம் கேட்கவில்லை. திறந்தபோது அவர் தன் சட்டைக் கொளுக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே கையை விட்டு ஒரு பஞ்சு வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கிக் காட்டினார். பிறகு மற்றதையும் எடுத்தார். என்னைக் காட்டினார், தன்னைக் காட்டினார், இல்லை என்று கையை விரித்தார். சட்டை முன்பக்கம் வெறுமையாய்ச் சரிந்து கிடந்தது. எங்கள் கந்தோரிலேயே வடிவாக உடுத்தும் றீற்றா அக்காவும் என்னைப் போலத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பெண் சிப்பாய் வில்லையை வாங்கி அமுக்கிப் பார்த்தாள். பிறகு என்னை மண்மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், தன் கையாலேயே என் வில்லையை எடுத்துப் பிரித்தாள். பதக்கம் விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு நிலத்தில் குந்தியிருந்து பெருமூச்சு விட்டாள். அவளும் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது அப்போது தெரிந்தது. பதக்கத்தை என் கையில் தந்தாள். றீற்றா அக்காவின் வில்லைகளைத் தரவில்லை. தன் சீருடைக்குள் வைத்துக்கொண்டாள். "வைச்சிருக்கட்டும். அவவுக்கும் எங்கடை குறைதான்" என்றார் றீற்றா அக்கா, திரும்பி பஸ்ஸில் ஏறும்போது. சொன்ன வாய் சிரித்தது. கொளுக்கியைப் பூட்ட அவர் விரல்களால் முடியவில்லை. அம்மாதான் பூட்டிவிட்டார்.

நல்லூரில் ஒரு தெரிந்த வீட்டில் றீற்றா அக்கா என் சீலையைக் கழுவி, ஈரம் தெரியாமல் மடிப்பை மாற்றி, தலைப்பை ஒற்றையாக விரித்து, பிறிலைக் கத்தரித்து எறிந்து கழுத்தை அகலமாக்கிவிட்டார். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும் என்பது அங்கத்தைய ஒழுங்கு. மாப்பிள்ளை விலா எலும்பு தெரிய நின்றார். "அவருக்கும் ரெண்டு வில்லை தைச்சுக் குடுப்பமோ?" என்று என் காதுக்குள் கேட்டார் றீற்றா அக்கா. அந்தப் பயத்துக்குள்ளும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு நின்ற என்னைத்தான் மாப்பிள்ளை பார்த்தார். கலியாணம் முடிந்து நெடுநாளைக்குப் பிறகு அவரிடம் ஒருமுறை கேட்டேன், அன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று. "கழுத்தைத்தான். கறுத்த நூல் கிடக்கோ எண்டு பாத்தனான்" என்றார். ஒட்டலா நிறைவா என்று பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

அதன்பிறகு றீற்றா அக்கா ஒருவருக்கும் பஞ்சு வைத்துத் தைக்கவில்லை. தானும் வைக்கவில்லை. தோளெலும்பு தெரிய அகலக் கழுத்து, ஒற்றைத் துணி, நெஞ்சில் சுருக்கு மட்டும். "தூரத்திலை வரேக்கையே வெறுங்கழுத்து எண்டு தெரிய வேணும். தடவ ஒண்டும் இருக்கக் கூடாது" என்பார். அகலக் கழுத்து எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இழுபடாமல் பொருந்தி நிற்கும். ஊரில் அதைப் புது மோஸ்தர் என்று சொன்னார்கள். கந்தோரில் மற்றவர்களும் கேட்டுத் தைப்பித்தார்கள். அது பயத்தில் வெட்டிய கழுத்து என்பது எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனபோது, சனத்துக்குள் அவரைக் கண்டேன். தையல் மெசினின் தலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நடந்தார். நனைந்து ஒட்டிய உடுப்போடு நிமிர்ந்துதான் நடந்தார். ஏதோ ஒரு ஆண்குரல் "நில்லுங்கோ" என்று பின்னால் கத்தியது, தன் பிள்ளையைத் தேடிய தகப்பன். றீற்றா அக்கா சைக்கிளை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். மெசின் சேற்றில் விழுந்தது. நான் போய்த் தோளைத் தொட்டேன். கை இறங்கவில்லை. அந்தப் பயம் அவரை விட்டுப் போகவேயில்லை. கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் தாதி நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கக் கிட்ட வந்தாலும் கை இரண்டும் மேலே போய்விடுமாம். ஸ்ரெல்லா சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கதவைச் சாத்திக்கொண்டு அவரை உடுத்தினோம். சவப்பெட்டிக்காரர் கொண்டுவந்த மூடின கழுத்துச் சட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவருடைய அலுமாரியிலிருந்து அகலக் கழுத்து வெள்ளைச் சட்டையை எடுத்தேன். "பஞ்சு ஏதும் வைக்கிறதோ?" என்று ஸ்ரெல்லா மெல்லக் கேட்டார். வேண்டாம் என்றேன். கைகளை நுழைக்க, ஸ்ரெல்லா அவருடைய இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்தார். நான் கொளுக்கிகளைப் பூட்டினேன். நீல நூல் சீலையின் தலைப்பை ஒற்றையாக விரித்துவிட்டேன். பிறகு ஸ்ரெல்லாவிடமிருந்து அந்தக் கைகளை வாங்கி, அவருடைய நெஞ்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, செபமாலையைச் சுற்றினேன்.

"கையை இறக்குங்கோ அக்கா" என்றேன். "சென்றி எல்லாம் தாண்டியிட்டியள்."