சிவப்பு மையில் ஒரு சொல்

1972 அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழரை மணிக்கு மியூனிக்கில் நியூரம்பெர்க் வண்டி ஏறினேன். பையில் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம், தட்டச்சில் நாற்பத்தொரு பக்கம். பதினைந்தாம் நூற்றாண்டுத் துறவி ஒருவரின் கிரகண அட்டவணையைப் பற்றியது. ஒரு சந்திர கிரகணம் தொடங்கும் நேரத்தை அவர் எட்டு மணி இருபத்தெட்டு நிமிடம் என்று எழுதியிருக்கிறார். அவருடைய முறைப்படியே கணக்கிட்டால் எட்டு பதினாறுதான் வருகிறது. கணக்குத் தெரியாமல் எங்கிருந்தோ பார்த்து எழுதிய மனிதர் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். ஒன்றரை வருடம் மைக்ரோஃபிலிமில் படித்த சுவடியை, சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

நிலையத்தில் சிவபாதம் அண்ணை காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அங்கே ஒரு தொழிற்சாலையில் பொறியாளர். நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த சிற்றூருக்குத் தன் காரில் அழைத்துப் போனார். வழியெல்லாம் பனிமூட்டம். பீருக்கான ஹாப்ஸ் கொடிகளை அறுத்துவிட்டதால் வயல்களில் வெறும் கம்பங்கள் நின்றன.

பதினொரு மணி. தேவாலயத்து மாடியில் நூலகம்; கணப்பு இல்லை. நூலகப் பொறுப்பாளரான அம்மையார், "கையைக் கழுவிவிட்டு வாருங்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும்" என்றார்.

அந்தப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குச் சற்றுச் சாய்த்தேன். இருபத்தெட்டு என்ற எண்ணுக்கு அடியில் தோல் தாள் சொரசொரப்பாக இருந்தது. யாரோ கத்தியால் சுரண்டியிருக்கிறார்கள். சுரண்டிய இடத்தில் பதினாறின் தடம். ஓரத்தில், படச்சுருளில் விழாத வெளிறிய சிவப்பு மையில், அதே கையெழுத்தில், லத்தீனில் ஒரே ஒரு சொல்: கண்டேன்.

அவர் சரியாகத்தான் கணக்கிட்டிருக்கிறார். பிறகு வெளியே போய் வானத்தைப் பார்த்திருக்கிறார். வந்து தன் கணக்கைத் தானே அழித்திருக்கிறார்.

காரில் உட்கார்ந்ததும் சொன்னேன். "அண்ணே, சாப்டர் முழுக்க வேஸ்ட். மார்ச்ல ஸ்காலர்ஷிப் முடியுது."

"இனி என்ன செய்யப் போறியள்?"

"அப்படியே குடுத்துட்டா யாருக்கும் தெரியாது. எல்லாரும் ஃபிலிமைத்தான் பார்ப்பாங்க."

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். "ஓம், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா நீங்கள் பாத்திட்டியள் எல்லே?"

அஞ்சலகத்திலிருந்து பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள். புதிதாக எழுதுங்கள்" என்றார். எழுதி முடிக்க அடுத்த ஆகஸ்ட் ஆயிற்று; கடைசி ஐந்து மாதம் மாணவர் உணவகத்தில் தட்டுக் கழுவினேன்.

அன்று மாலை நான்கு மணி வண்டியில் மியூனிக் திரும்பும்போது மதுரை வீடு நினைவுக்கு வந்தது. கிரகணம் என்றால் கதவைச் சாத்திவிடுவோம். பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்தைக் கடிகாரத்தில் பார்ப்போம், விட்டதும் குளிப்போம். கிரகணங்களைக் கணக்கிட்டே டாக்டர் பட்டம் வாங்க இவ்வளவு தூரம் வந்திருந்தேன். அவற்றில் ஒன்றைக்கூட அண்ணாந்து பார்த்ததில்லை.