ஜோடி டயருக்கு நடுவில் வந்த கடல்

திருமழிசைக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ரோட்டோரத்தில் இருக்கும் என் பஞ்சர் கடையைத் தெரியாத லாரி டிரைவர் இந்தப் பக்கம் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். நாலாம் கிளாஸோடு என் படிப்பு போய்விட்டது. ஒரு கடப்பாரை, ஒரு கைப்பம்பு, இரண்டு லிவர், இவ்வளவுதான் என் முதல். இன்றைக்கு அதே இடத்தில் ஷெட்டு, கம்ப்ரசர், வேலைக்கு ஆட்கள். அயனம்பாக்கத்தில் மாடி வைத்த சொந்த வீடு. எவன் தயவும் இல்லாமல் வந்தது.

ஆனால் வீடு, கடை எல்லாம் ஊரில் பத்துப் பேரிடம் இருக்கும். என்னிடம் இருக்கும் கற்கள் எவனிடமும் இல்லை. கல்லாய்ப் போன கடல் முள்ளெலிகள். கடலுக்கடியில் உடம்பெல்லாம் முள்ளோடு உருண்டை உருண்டையாய் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பிராணி. செத்து, மண்ணுக்குள் போய், கணக்குக்கு அடங்காத காலம் கிடந்து கல்லானவை. மெட்ராஸைச் சுற்றி இவ்வளவும் ஒரு தனி ஆள் கையில் இருப்பதாக யாராவது காட்டினால் நான் கடையை மூடிவிடுகிறேன்.

எப்படிச் சேர்த்தேன் என்று கேட்பார்கள். நான் எங்கேயும் போகவில்லை. அவை என்னைத் தேடி வந்தன.

லாரிக்குப் பின்னால் ஒவ்வொரு பக்கமும் டயர் ஜோடி ஜோடியாக இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சந்தில் கல் ஏறி மாட்டிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் டயர் சூடேறிப் பக்கவாட்டில் கிழியும். இல்லையென்றால் கல் தெறித்துப் பின்னால் வருகிறவன் கண்ணாடியை உடைக்கும். பஞ்சர் போடுமுன் அந்தச் சந்தைப் பார்ப்பது என் பழக்கம். அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றி வந்த ஒரு லாரியில் அப்படித்தான் கடப்பாரையால் நெம்பினேன். காலடியில் வந்து விழுந்தது, பேக்கரி பன் போல உப்பிய ஒரு கல். மண்ணைத் துடைத்தேன். மேல்பக்கம் ஐந்து இதழ் வைத்த பூ. ஊசி முனையால் புள்ளி புள்ளியாகக் குத்தி வரைந்தது போல, ஒரு புள்ளி பிசகாமல். யாரோ சிற்பி செதுக்கியது என்றுதான் நினைத்தேன். திருப்பிப் பார்த்தேன், அடியில் ஒரு குழி. முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மோந்துகூடப் பார்த்தேன்.

"இன்னா நைனா, கல்லுக்கு முத்தம் குடுத்துகினு கீறே? என் வண்டிய எப்போ வுடுவே?" என்றான் டிரைவர்.

அன்றிலிருந்து என்னால் கல்லாவில் உட்கார முடியவில்லை. அந்தப் பக்கத்து நம்பர் பிளேட் வந்தால் போதும், டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவேன். காற்று மட்டும் பிடிக்க வந்தவனைக்கூட விடமாட்டேன். "அண்ணாத்தே, நீ டயர் பாக்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? இந்த நெளி நெளியுறே" என்பார்கள். சிரித்துக்கொள்வேன். மாட்டுகிற கல்லில் பெரும்பாலும் வெறும் ஜல்லிதான். எப்போதாவது ஒன்று வரும். அந்த ஒன்றுக்காகத்தான் அத்தனை அடியிலும் புகுந்தேன்.

வந்ததை அப்படியே வைக்கிற ஆள் இல்லை நான். டியூபில் பேட்ச் ஒட்டுவதற்கு முன்னால் ரப்பரைச் சொரசொரப்பாக்க ஒரு கம்பிச் சக்கரம் வைத்திருக்கிறோம். அதில் கொடுத்து ஒரு பொட்டு மண் இல்லாமல் எடுப்பேன். பிறகு டயருக்குப் போடும் கறுப்புப் பாலிஷ். கல் கண்ணாடி போல மின்னும். கடையின் முன்பக்க அலமாரியில் வரிசையாக அடுக்கினேன். சின்னது, உடைந்தது, நேரமில்லாமல் விட்டது எல்லாவற்றையும் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டு மூலையில் தள்ளினேன்.

ஆவடிப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் எடுக்கும் டீச்சர், ஸ்கூட்டர் பஞ்சராகி ஒரு நாள் கடைக்கு வந்தார். வண்டியை மறந்துவிட்டு அலமாரி முன்னால் நின்றுவிட்டார். கல்லின் பெயரை எனக்குச் சொன்னவர் அவர்தான். அரியலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்றும் சொன்னார். அதுவரை நான் பூக்கல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஐயா, எங்க ஸ்கூல்ல சயன்ஸ் ரூமுக்குப் புதுசா கண்ணாடி பீரோ செய்றோம். இதுல கொஞ்சம் குடுப்பீங்களா? உங்க பேரும் போட்டு வைக்கிறோம்."

அவர் பேசி முடிப்பதற்குள் தலையாட்டிவிட்டேன். நாலாம் கிளாஸில் என்னை வெளியே அனுப்பியது ஒரு பள்ளிக்கூடம். இன்னொரு பள்ளிக்கூடம் கண்ணாடி பீரோ செய்து என்னை உள்ளே கூப்பிடுகிறது. எனக்கு வேறு என்ன வேண்டும்?

"ஒண்ணே ஒண்ணு ஐயா. ஒவ்வொண்ணும் எங்க கிடைச்சதுன்னு அட்டை எழுதணும்."

"டயர்ல" என்றேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. "டயர் அதை எங்க மிதிச்சுது? அதான் ஐயா வேணும். எந்த ஊரு, எந்த மண்ணுன்னு தெரிஞ்சாதான் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தலாம். இடம் தெரியலேன்னா இது அழகான கல்லு, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே? எழுதித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். நான் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவன்.

சொன்ன பிறகுதான் உள்ளே அரிப்பு ஆரம்பித்தது. சோற்றில் கை வைத்தால் மனம் லாரிக்கு அடியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் சாமியார் பிரசங்கம் செய்யும்போது என் கால் தானாக ஆடி, பெஞ்சே ஆட, முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் சம்சாரம் முழங்கையால் இடித்தாள்.

"கடவுளாண்ட வந்தாச்சும் கால வெச்சுகினு சும்மா இரேன். கல்லு எங்கயும் ஓடிடாது."

"எங்கேர்ந்து ஓடி வந்துச்சுன்னுதான் தெரியல" என்றேன்.

அவள் தம்பி, என் மச்சான், டாக்சி ஓட்டுகிறான். எல்லாவற்றுக்கும் அவனிடம் குறுக்குவழி உண்டு. "அரியலூர்னு எழுதிக் குடுத்துட்டு வேலயப் பாரு மாமா. கல்லு வந்து இல்லேன்னு சாட்சி சொல்லப் போவுதா?"

"அரியலூர்னா? பஸ் ஸ்டாண்டா, ரயில்வே ஸ்டேசனா? உன்னை யாராவது ஊடு எங்கேன்னு கேட்டா மெட்ராஸ்னு சொல்லி நிறுத்திப்பியா?"

"கடன்காரன் கேட்டா அப்பிடித்தான் சொல்வேன்."

டிரைவர்களைப் பிடித்து விசாரித்தேன். லோடுக்கு வரிசை வரும்வரை லாரிகள் நிற்பதற்கு அங்கே ஒரு திறந்த யார்டு இருக்கிறதாம். மழையில் சேறாகாமல் இருக்க மண்ணும் கல்லும் கொட்டி மேடாக்கியிருக்கிறார்களாம். அங்கே நின்ற வண்டிகளில்தான் எனக்குப் பெரும்பாலும் கல் வந்திருந்தது. மறுநாள் விடியலிலேயே மச்சானை எழுப்பி வண்டியில் ஏற்றினேன். வழியெல்லாம் "இன்னும் எவ்ளோ தூரம்?" என்று நான் கேட்க, "வண்டி ஓட்டுறது நானா நீயா?" என்று அவன் கத்த, இட்லிக்குக்கூட நான் நிறுத்த விடவில்லை.

யார்டில் லாரிகள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. நான் குனிந்தேன், தவழ்ந்தேன், வண்டிக்கு வண்டி நடுவே புகுந்தேன். முதலில் ஒரு உடைந்த சிப்பி. பிறகு பாதி முள்ளெலி. பிறகு முழுசாக ஒன்று, டயர் தடத்தின் ஓரத்தில் பூ மேலே தெரியக் கிடந்தது. சரியான இடம்தான்! எழுந்து நின்று மச்சானைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.

யார்டின் ஓரத்தில் டீக்கடை வைத்திருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "என்னத்தங்க தேடுறீங்க? வண்டிச் சாவியா?"

கல்லைக் காட்டினேன்.

"அட, இதா. இது எங்க கெணத்து மண்ணுங்க. கெணறு ஆழப்படுத்தினப்ப வந்தது. மண்ண வரப்பு ஒசத்தப் போடச் சொன்னேன், எங்க வூட்டுக்காரரு லாரிக்காரனுக்கு மேடு கட்டிக் குடுத்துட்டு வந்துட்டாரு. இன்னைக்கும் எங்களுக்கு அதான் சண்டை."

இந்த யார்டும் கல்லுக்கு ஊர் இல்லை. டயருக்கு வருமுன்னாலேயே அவை ஒரு முறை லாரி ஏறி வந்தவை. நல்லவேளை அந்த அம்மா சொன்னது, இல்லையென்றால் அட்டையில் யார்டு என்று எழுதியிருப்பேன்.

"கெணறு எங்க இருக்கு?"

"டீ குடிங்க, காட்டுறேன்."

"டீ வேணாம். இப்பவே காட்டுங்க."

அந்த அம்மா மச்சானைப் பார்த்து, "எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டது. "இன்னிக்கு கொஞ்சம் பரவால்லமா" என்றான் அவன்.

கிணறு கடைக்குப் பின்னால் இரண்டு வயல் தள்ளி இருந்தது. நல்ல அகலம். பக்கத்தில் வெட்டிய படி, கீழே கொஞ்சம் தண்ணீர். நான் செருப்பைக் கழற்றினேன்.

"மாமா, வேணாம். எதுனா ஆச்சுன்னா அக்கா என்னதான் கேக்கும்."

"நீ மேலயே நின்னு அக்காவுக்குப் பதில் யோசி."

இறங்கினேன். மேலே கறுப்பு மண், அதற்குக் கீழே மஞ்சள் மண். அந்த மஞ்சளில் சிப்பிகள் கல்யாண வீட்டில் கழுவிக் கவிழ்த்த தட்டுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக. நடுநடுவே உப்பிய முதுகுகள். ஒன்று, இன்னொன்று, எட்டிய தூரத்தில் மற்றொன்று. சுவரோடு சுவராக, விட்ட இடத்திலேயே. அதுவரை நான் பார்த்ததெல்லாம் எதனாலோ அடிபட்டு, நெம்பப்பட்டு, உருண்டு வந்தவை. இவற்றை யாரும் தொட்டதே இல்லை. கையை வைத்தேன். ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. அங்கே படியில் நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்கு எங்கேயும் போக வேண்டும் என்று தோன்றவில்லை.

பிறகு பழக்கதோஷம், விரல் ஒரு முதுகின் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தது. மேலேயிருந்து அந்த அம்மாவின் குரல்: "யோவ், பெரியவரே! செவுத்தப் பேத்துடாதீங்க! சரிஞ்சா யாரு கட்டுறது?"

நியாயம்தான். ஜோடி டயருக்கு நடுவிலிருந்தே எடுத்தவன், மண்ணிலிருந்து எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்! ஆனாலும் விட்டேன். படியில் உதிர்ந்து கிடந்த மஞ்சள் மண்ணில் ஒரு பிடி மட்டும் துண்டில் முடிந்துகொண்டு ஏறினேன். அந்த அம்மாவிடம் கேட்டு ஊர்ப் பெயரையும் மச்சானை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கடைக்கு வந்ததும் மண்ணைத் தட்டில் கொட்டிக் கற்களை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். அலமாரியில் மின்னுகிற ராஜாக்களைத்தான் முதலில் எடுத்தேன். அடிக்குழி சுத்தம். புள்ளிகளுக்கு நடுவே சுத்தம். கம்பிச் சக்கரத்தில் ஒரு பொட்டு விடாமல் எடுத்தவன் நானேதான். டயர் பாலிஷ் வாசனையைத் தவிர அவற்றில் ஒன்றும் இல்லை. பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்தேன். கவனிப்பாரில்லாமல் கிடந்தவை. அவற்றின் குழியில் மஞ்சள் மண் இறுகி அடைத்திருந்தது, அச்சு அசலாக என் துண்டில் வந்த அதே மண். சிலவற்றில் மட்டும் சிவப்பு மணல். அது வேறு எங்கிருந்தோ வந்தது.

கிணற்றுக் கதையை நான் சொல்லக் கேட்டு, டீச்சர் லென்ஸ் கொண்டுவந்து பார்த்தார். மஞ்சள் மண் உள்ளதை எல்லாம் தனியே எடுத்து வைத்தார். நான் அலமாரியில் இருந்த பெரியதை நீட்டினேன்.

"இத நடுவுல வையுங்கமா. பார்த்தா பீரோவே பளபளக்கும்."

"ரொம்ப நல்லா இருக்கு ஐயா. எந்த இடம்?"

"அதே லாரிங்க. அதே யார்டு."

"அதே கெணறா?"

நான் வாய் திறந்தேன். இந்த ரோட்டில் என் வாய்க்கு முன்னால் நின்றவன் கிடையாது. ஆனாலும் ஆமாம் என்று வரவில்லை. கல்லைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். யார் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள், மண்ணை விட்டுவைக்க வேண்டும் என்று? பஞ்சர் கடைக்காரன் கையில் வந்த எதுவும் அழுக்கோடு வெளியே போனதில்லை.

பீரோவைத் திறந்த நாளில் நானும் சம்சாரமும் போயிருந்தோம். பெயிண்ட் டப்பாக் கற்கள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் அட்டை. ஊர்ப் பெயர், கிணற்றுச் சுவர், மஞ்சள் மண். கீழே என் பெயர், பெரிய எழுத்தில். பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். சம்சாரம் அட்டையை இரண்டு தரம் படித்துவிட்டு, "இப்பவாச்சும் நிம்மதியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொன்னேன். சொல்லும்போதே மனம் கடை அலமாரியில் இருந்தது. என்னிடம் இருப்பதிலேயே பெரியவை, பூ முழுசாகத் தெரிகிறவை, என் கையால் மின்ன வைத்தவை, அவைதான் ஊர் இல்லாமல் நிற்கின்றன. அந்த மஞ்சள் கிணற்றிலிருந்து வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இனி அது தெரியவே போவதில்லை. ஆனால் சிவப்பு மணல் உள்ளவற்றுக்கு இன்னும் வழி இருக்கிறது. அவற்றைக் கழுவவில்லை. கம்பிச் சக்கரத்தின் பக்கம் எந்தக் கல்லையும் கொண்டுபோகக் கூடாது என்று ஆட்களிடம் சொல்லிவிட்டேன். கல் விழுந்ததும் மண்ணோடு கவரில் போட்டு, வண்டி கடைசியாக எங்கே நின்றது என்று டிரைவரைக் கேட்டு எழுத வேண்டும். பதில் சொல்லாதவன் வண்டிக்கு நான் ஜாக்கி போடுவதில்லை.

"பஞ்சருக்கு வந்தா போலீஸ் ஸ்டேசன் மாதிரி விசாரிக்கிறியே பெருசு" என்று திட்டுகிறார்கள். திட்டட்டும். நேற்று ஒருவன் சொன்னான், பழைய யார்டு நிறைந்துபோய், இன்னும் தள்ளி இன்னொன்று போட்டு ரொம்ப நாளாகிறதாம். தரை என்ன நிறம் என்று கேட்டேன். யோசித்து, காலைத் தூக்கிச் செருப்பின் அடியை எனக்குக் காட்டினான்.

சிவப்பு.

மச்சான் டாக்சியை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். உள்ளேயிருந்து சம்சாரம், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லிக் கத்துகிறாள். நான் செருப்பை மாட்டிவிட்டேன்.