கொடியில் தொங்கிய சீருடை

"நம்ம தெருவுல தொங்கற துணியெல்லாம் விக்கறதுக்குத்தானம்மா? நம்மூட்டுக் கொடியில தொங்கறது மட்டும் ஏன் இல்ல?" என் நாலு வயது மகள் கேட்ட இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

நான் கல்யாணமாகித் திருப்பூர் கடைவீதிக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கு எதிரே மளிகைக்கடை, ஒரு பக்கம் பாத்திரக்கடை, மறுபக்கம் வளையல் கடை. இரண்டாயிரத்துக்குப் பிறகு மூன்றும் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய துணி விற்கும் கடைகளாகிவிட்டன. மளிகைக்கடை மாடியில் லாட்ஜ். பழனிக்குப் போய்த் திரும்பும் கேரளத்து டூரிஸ்ட் பஸ்கள் ஞாயிறு தவறாமல் எங்கள் தெருவையும் தரிசித்துவிட்டுத்தான் போகும். குக்கர் கேஸ்கட் வாங்க நான் பாத்திரக்கடைகள் இருக்கும் அனுப்பர்பாளையத்துக்கு பஸ் ஏற வேண்டும். பனியன் வேண்டுமானால் படி இறங்கினால் போதும்.

மகளை அப்போதுதான் எல்.கே.ஜி.யில் சேர்த்திருந்தோம். அவள் அழுத அழுகையில் மனசு கேட்காமல் சில நாள் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கட்டாயம் வரவேண்டும், இல்லையென்றால் சீட்டு போய்விடும் என்று மிஸ் சொல்லிவிட்டார். தைத்து வந்திருந்தது ஒரே ஒரு சீருடை. ஞாயிறு காலை அதைத் துவைத்து வாசலில் காயப்போட்டுவிட்டு உள்ளே போனேன்.

திரும்பி வந்தால் கொடியில் கிளிப் மட்டும் இருக்கிறது. மகள் படியில் உட்கார்ந்து நேந்திரங்காய் சிப்ஸ் தின்கிறாள்.

"யூனிஃபார்ம் எங்க கண்ணு?"

"பஸ்ஸுல வந்த அத்தைக்குக் குடுத்துட்டேன். பிக்சட் ரேட்டுன்னு சொன்னேன். சிப்ஸ் குடுத்தாங்க."

"நாளைக்கு ஸ்கூலுக்கு என்னத்தப் போடுவ?"

"டிரஸ் இல்லாம எப்படிம்மா போறது?" என்றாள், ரொம்ப வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு.

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். "அம்மிணி, பாப்பாவ நம்ம கடைக்கு அனுப்புங்க. காலைல இருந்து கத்தறேன், எனக்கு ஒண்ணும் போகலீங்க."

மிச்ச சிப்ஸையும் எடுத்துக்கொண்டு, தெருமுனையில் நின்ற டூரிஸ்ட் பஸ்ஸுக்கு ஓடினேன். அந்த அம்மாள் சீருடையைத் தன் மகள் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "நல்ல துணி. இதுபோல ரெண்டெண்ணம் கூடி கிட்டுமோ?" என்றார், இன்னும் ரெண்டு வேண்டுமாம். விஷயத்தைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிட்டார். கடன்பட்டவள்போல் மிச்ச சிப்ஸை நீட்டினேன். "வேண்டா, மோள் கஷ்டப்பட்டு வித்து வாங்கினதல்லவோ?" என்றார்.

திங்கட்கிழமை அழுதுகொண்டே போனாள். சீட்டு தப்பியது.

என் கணவர் கொடியில் 'விற்பனைக்கு அல்ல' என்று அட்டை மாட்டினார். அடுத்த ஞாயிறு அதன் முன்னால்தான் கூட்டம். விற்காமல் வைத்திருப்பது முதல்தரச் சரக்காம்! வீட்டுக்குள் போட்டால் துணி காய்வதில்லை.

படித்தவள்தான் நான். அவளை மிரட்டுவதா, விளக்குவதா, சீக்கிரமே பள்ளியில் சேர்த்ததுதான் தப்பா என்று ஒன்றும் புரியவில்லை. இதை எழுதும்போதே அவள் பள்ளி ஷூவைத் துடைத்து, ஜோடியாக வாசற்படியில் வைத்துக்கொண்டிருக்கிறாள். நாளை ஞாயிறு. இதைப் படிக்கும் தாய்மாரே, அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?