ஏமஸ் கெல்வேயும் வெட்டப்பட்ட உறையும்

கொட்டாஞ்சேனையில் பெரியப்பாவின் மேல்மாடி அறைக்குள் பூச்சி உருண்டை வாசனையும் துறைமுகத்து டீசல் வாசனையும் கலந்து அடிக்கும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது ஒரு சனிக்கிழமை, அந்த வாசனைக்குள் நின்றபடிதான், ஒரு கப்பலின் முழு வாழ்க்கையையும் வெறும் கடித உறைகளை வைத்தே சொல்லிவிடலாம் என்ற எண்ணம் முதன்முதலாக எனக்கு வந்தது. பெரியப்பா ஓர் உறையை விரல் நுனிகளால் பிடித்து யன்னல் வெளிச்சத்தில் காட்டினார். வலது மூலையில் ஒட்டிய ஓர் அமெரிக்க முத்திரை. அதற்குப் பக்கத்தில் வட்டமான தபால் அடையாளம். அதைப் பெரியப்பா ‘சீல்’ என்பார். வட்டத்துக்குள் கப்பலின் பெயர். வட்டத்திலிருந்து நீண்டு முத்திரையின் மேல் ஏறிய கறுப்புக் கோடுகளுக்கு நடுவே, ஆங்கில எழுத்தில், கொழும்பு, சிலோன் என்று இரண்டே சொற்கள்.

“வட்டம் ஆர் எண்டு சொல்லும், கோடு எங்க எண்டு சொல்லும்,” என்றார். “விளங்கிச்சா மகள்? ரெண்டும் சேந்தாத்தான் கப்பல். இல்லாட்டி வெறும் மை.”

எனக்கு விளங்கியது. விளங்கிய வேகத்தில் அந்த வருடப் பாடசாலைக் கண்காட்சிக்கு என் காட்சிப் பலகை என்னவென்றும் தீர்மானமாகிவிட்டது. மற்றப் பிள்ளைகள் எரிமலையும் சூரியக் குடும்பமும் செய்யட்டும், நான் ஒரு போர்க்கப்பலைச் செய்யப்போகிறேன், அதுவும் கடதாசியால் மட்டும்!

பெரியப்பா என் அப்பாவின் ஒரே அண்ணன். துறைமுகத்தில் ‘வோட்டர் கிளார்க்’ ஆக இருந்தவர். பெயரில் தண்ணீர் இருந்தாலும் தண்ணீரோடு மட்டும் நின்றுவிடுகிற வேலையல்ல அது. ‘லோஞ்ச்’ என்ற சிறிய இயந்திரப் படகில் ஏறி, வெளியே நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களுக்குப் போய், மரக்கறி, எண்ணெய், சலவை, பல்வைத்தியர் என்று கப்டன் கேட்பதையெல்லாம் ஒழுங்கு செய்து கொடுக்க வேண்டும். நாட்டுக்கு இன்னும் சிலோன் என்றே பெயர் இருந்த காலத்தில், அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘ஏமஸ் கெல்வே’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் கொழும்புக்கு வந்தது. அந்தக் கப்பலுக்குள்ளேயே ஒரு தபாற்கந்தோர் இருந்ததைக் கண்டு பெரியப்பா அசந்துபோனார். ஒரு முத்திரையை வாங்கி உறையில் ஒட்டி, தன் சின்னத் தம்பியின் பெயரையும் கொட்டாஞ்சேனை வீட்டு விலாசத்தையும் எழுதி அங்கேயே போட்டுவிட்டு வந்தார். அந்தத் தம்பிதான் என் அப்பா, அப்போது பாலர் வகுப்பு தாண்டிய பொடியன். உறை தபால் பையில் கப்பலோடு போய், அமெரிக்காவைக் கண்டு, மாதக் கணக்கில் கழித்துக் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வந்தது. மேல்மாடியிலிருந்து பார்த்தால் தெரிந்த ஒரு கப்பலிலிருந்து கீழ்மாடிக் கதவுக்கு வந்து சேர, அந்த உறை உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது.

அப்பா உறையை உடைத்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

கப்பல் உறை சேர்ப்பவர்களின் வழக்கம் அது. கடிதம் முக்கியமில்லை, சீல்தான் முக்கியம். ஆனால் அப்பா அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. “அவ்வளவு தூரம் அனுப்பத் தெரிஞ்சவருக்கு ஒரு வரி எழுதத் தெரியேல்லை. தம்பி, சுகமோ எண்டு கூடவா எழுத ஏலாது?” என்று சாப்பாட்டு மேசையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் கொட்டாஞ்சேனையில் இருந்தார், கேள்வி வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலேயே நின்றது.

ஏமஸ் கெல்வே என்பது ஒரு மனிதனின் பெயர். தளபதியோ பிரபுவோ அல்ல, கொதிகலன் அறையில் வேலை செய்த சாதாரணக் கடலோடி. முந்திய யுத்தம் ஒன்றில் கொதிகலன் குழாய் வெடித்து அறை முழுக்க நீராவி சீறியபோது, மற்றவர்கள் ஏணியில் ஏறித் தப்பும்வரை அவன் உள்ளே நின்று, சுடுகிற வால்வைத் திருகி மூடினான். அவன் மட்டும் ஏறவில்லை. பிறகு ஒரு புதுக் கப்பலைக் கட்டியபோது அதற்கு அவன் பெயரை வைத்தார்கள். பெரியப்பா இந்தக் கதையைச் சொல்லும்போது தன் இரண்டு கையாலும் காற்றில் வால்வைத் திருகுவார். தப்பியவர்களின் தொகை மட்டும் சொல்லச் சொல்லக் கூடிக்கொண்டே போகும். “இன்னும் கொஞ்ச நாளில அமெரிக்காவில இருக்கிற அவ்வளவு பேரையும் அந்த மனுசன்தான் காப்பாத்தினவன் எண்டுவார் உன்ர பெரியப்பா,” என்பது அப்பாவின் நக்கல்.

கப்பலின் சேவைக் கதையையும் நான் அப்போதே மனப்பாடம் செய்துவிட்டேன். இரண்டாம் உலக யுத்தத்துக்காக அவசரம் அவசரமாகக் கட்டப்பட்டது, சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போனது, குண்டுபட்டுப் பின்பக்கம் கிழிந்து தைத்து மீண்டும் போனது, யுத்தம் முடிந்து கட்டிப்போடப்பட்டது, திரும்ப எழுப்பப்பட்டது, நட்புப் பயணமென்று துறைமுகம் துறைமுகமாகத் திரிந்தது, கடைசியில் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. கடலில் இறக்கிய நாள், கொடியேற்றிய நாள், கொடியிறக்கிய நாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் உறை பெரியப்பாவிடம் இருந்தது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களோடு பண்டமாற்றுச் செய்து பிடித்தவை அவை. கொழும்பு உறை மட்டும் மாற்றி எடுத்ததல்ல, அது அவரே ஏறிப் போட்டு, அப்பா உடைத்துப் பார்த்த பிறகு எடுத்து டின்னுக்குள் பூட்டிவைத்தது.

அப்பாவும் சேகரிப்பாளர்தான், சண்டையே அங்கேதான் தொடங்குகிறது. அப்பா ‘அல்பம்’காரர். ஒவ்வொரு நாட்டுக்கும் கட்டங்கள் அச்சடித்த தடித்த அல்பம். உறையிலிருந்து முத்திரையைச் சதுரமாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, பசை கழன்றதும் உரித்து, காயவைத்து, கட்டத்தில் ஒட்ட வேண்டும். அவருக்கு உறை என்பது முத்திரை வந்து இறங்கிய பஸ். முத்திரை இறங்கிய பிறகு பஸ்ஸை யாராவது வீட்டில் வைத்திருப்பார்களா? பெரியப்பாவோ அல்பம்காரரைக் ‘கசாப்புக்காரர்’ என்பார். உறையை வெட்டுகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் வெறுப்புத்தான், அதை மறைக்கப் போவதில்லை. எந்த ஊரில், எந்த நாளில், யார் கையால் என்று உறை சொல்லிக்கொண்டிருக்கும்போதே அதன் வாயை வெட்டியெடுத்து அழகான கட்டத்துக்குள் அடைக்கிற வேலை அது.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் என்னைக் கூட்டிப்போக அப்பா கொட்டாஞ்சேனைக்கு வந்தார். கண்காட்சிக் கதையை நான் மூச்சுவிடாமல் சொன்னேன். பெரியப்பா, ஆச்சரியமாக, உறைகளை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, அப்பாவின் கையிலேயே கொடுத்தார். “பிள்ளைக்குப் பலகையில பிடிச்சுக் குடு. பசை பூசாத. மூலைகளை மட்டும் செருகிப் பிடி,” என்றார். அப்பா தலையாட்டினார். அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டு விடைபெற்றதைக் கடைசியாக நான் பார்த்தது அந்தப் படியில்தான்.

மறுநாள் ‘ரியூசன்’ வகுப்பு முடிந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தால் குசினி மேசையில் அலுமினியச் சட்டி. அதில் தண்ணீர். தண்ணீருக்குள் அந்த முத்திரை. அப்பா முகமெல்லாம் மலர்ந்து நின்றார்.

“இஞ்ச பார், அமெரிக்காப் பக்கத்தில எத்தின வருசமாக் காலியாக் கிடந்த கட்டம்! இவ்வளவு நாளும் அந்தாள் இதை டின்னுக்குள்ள பூட்டி வச்சிருந்திருக்கிறார்.”

“அப்பா, சீல்!” என்று கத்தினேன். “சீலின்ர கோடுகளையும் சேத்து வெட்டிட்டீங்களே!”

“சீல் என்னத்துக்கு? கவர் அப்பிடியேதான் இருக்கு. கப்பலின்ர பேர் வடிவாத் தெரியுது. பலகையில போட அது போதும்.”

உறையில் வட்டம் இருந்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் சதுரமான ஓட்டை. கப்பலின் பெயர் உறையில், கொழும்பின் பெயர் சட்டித் தண்ணீரில். அம்மா எட்டிப் பார்த்து, “என்ன, மீன் கழுவுறியளோ?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

விசயம் தொலைபேசியில் போய், பெரியப்பா அன்றைக்கே பஸ் ஏறி வந்தார். செருப்பைக் கழற்றவில்லை, உட்காரவுமில்லை. ஓட்டை உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். ஓட்டைக்குள்ளால் அவருடைய ஒரு கண் தெரிந்தது.

“என்ர பேருக்கு வந்த கவர்,” என்றார் அப்பா. “விலாசத்தைப் பாருங்கோ. என்ர சாமானை நான் வெட்டினனான்.”

“நான் போட்டது. நான் கப்பலில ஏறிப் போட்டது.”

“போட்டவருக்கோ சொந்தம், பேருக்குரியவருக்கோ சொந்தம்? தபாற்கந்தோரில போய்க் கேளுங்கோ. வெறும் கவரை அனுப்பினனீங்கள், இப்ப வெறும் கவர் உங்களுக்குத் திரும்பி வருது. கணக்குச் சரி.”

பெரியப்பா உறைகளை எல்லாம் கோப்பில் அடுக்கினார். முத்திரையைத் தொடவில்லை. “அதை நீயே வச்சு நக்கு,” என்றுவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் பலகணியிலிருந்து பார்த்தேன். பஸ் ஓடும் காலி வீதிவரைக்கும் அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை.

கண்காட்சிக்கு நான் எரிமலை செய்தேன். அது சரியாக வெடிக்கவுமில்லை.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் கலியாணங்களுக்கு இரண்டு வரிசை தேவைப்பட்டது. மண்டபத்தில் அப்பா வலது பக்கம் இருந்தால் பெரியப்பா இடது பக்கம். ஒருமுறை சோற்று வரிசையில் நேருக்கு நேர் வந்துவிட்டார்கள். பெரியப்பா அகப்பையை வைத்துவிட்டு, பரிமாறிய பையனைச் சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு, “மல்லி, அந்தாளுக்குக் கோழியில வடிவான துண்டை மட்டும் வெட்டிக் குடு, மிச்சத்தை அவர் எறிஞ்சிடுவார்,” என்றார். பையன் விளங்காமல் முழிசினான். அப்பா கோழியே எடுக்காமல் போய் உட்கார்ந்தார்.

இந்தச் சண்டையில் நான் யார் பக்கம் என்று இரண்டு வீட்டிலும் கேட்டார்கள். நான் கப்பல் பக்கம். அதை இரண்டு பேருமே துரோகமென்று எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா வீட்டுக் கதவு எனக்கும் சாத்தப்பட்டது.

இப்போது அந்த மேல்மாடியிலிருந்து துறைமுகம் தெரியாது, முன்னால் தொடர்மாடி எழுந்துவிட்டது. வோட்டர் கிளார்க்மார் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் கப்டன்மாரோடு வாட்ஸ்அப்பில் கதைக்கிறார்கள். எங்கள் தபால் பெட்டிக்குள் வருவது வங்கிக் கடிதமும் தண்ணீர் பில்லும்தான், ஒன்றிலும் முத்திரை இல்லை, அச்சடித்த கட்டம் மட்டும். வெட்டுகிறவர்களுக்கும் வேலையில்லை, வைத்திருப்பவர்களுக்கும் வேலையில்லை. ஆனாலும் கோபம் மட்டும் கெடாமல் இருக்கிறது, பூச்சி உருண்டை போட்டு வைத்ததுபோல.

போன மாதம் இணையத்தில் கப்பல் உறைகளுக்கென்றே சிலர் நடத்தும் ஒரு தளத்தைக் கண்டேன். ஏமஸ் கெல்வேக்கும் ஒரு பக்கம் இருந்தது. அவனைப் பற்றி ஒரு பந்தி, கப்பலின் சேவைக் குறிப்பு, கீழே உறைகளின் படங்கள். கொழும்பு இல்லை. கொழும்பிலிருந்து போன உறை எதையும் அவர்கள் கண்டதில்லையாம். எங்களிடம் ஒன்று இருக்கிறதென்று உடனே எழுதினேன். படம் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது.

அப்பாவிடம் முத்திரையைக் கேட்டேன்.

“அல்பத்தில ஓட்டை விழும்,” என்றார், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

“கொட்டாஞ்சேனையில ஏற்கனவே ஒண்டு விழுந்திருக்கு அப்பா.”

பேப்பர் மடங்கியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தானே எழுந்து போய், அல்பத்தை மேசையில் தொப்பென்று போட்டார். “எடு. உன்ர பெரியப்பா அதைக் கிழிச்சுக் காத்தில விடுவார், பாத்துக்கொண்டு நில். அப்ப தெரியும் உனக்கு ஆர் கசாப்புக்காரர் எண்டு.” நான் இடுக்கியால் எடுக்கும்வரை அங்கேயே நின்றார். முத்திரை வந்த பிறகு அந்தக் காலிக் கட்டத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, அல்பத்தை மூடினார்.

பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பேரைச் சொன்னேன், அவர் வைக்குமுன் விசயத்துக்கு வந்தேன்.

“பெரியப்பா, முத்திரை என்னட்ட இருக்கு.”

“நக்கச் சொன்னனான் அவனை. நக்கேல்லையோ?”

“இல்லை. அப்பிடியேதான் இருக்கு. கொழும்பு, சிலோன் ரெண்டும் தெரியுது.”

இருமினார். “சனிக்கிழமை வா. நீ மட்டும் வா. அவன்ர கதை கதைச்சியெண்டால் படியால இறக்கி விடுவன்.” வைத்துவிட்டார்.

ஆகவே சனிக்கிழமை போகிறேன். சமாதானம் பேச அல்ல, அதற்கு இரண்டு பேருமே தகுதியில்லை. உறையை மேசையில் வைத்து, அந்த ஓட்டைக்குள் முத்திரையை இறக்கி, மேலிருந்து ஒரு படம் எடுக்கப்போகிறேன், அவ்வளவுதான். பொருந்தாது என்று எனக்குத் தெரியும். அப்பா விளிம்புவிட்டு அகலமாக வெட்டியவர், அந்த விளிம்புக் கடதாசி சட்டித் தண்ணீரோடு போய்விட்டது. வட்டத்திலிருந்து புறப்படுகிற கோடுகள் ஓட்டையின் கரையில் அறுந்து, ஒரு வெற்றிடத்தைத் தாண்டித்தான் முத்திரையில் மறுபடி தொடங்கும். கணினியில் அதை மூடி ஒட்டிவிடலாம், ஒருவருக்கும் தெரியவராது. நான் ஒட்டப்போவதில்லை. கப்பலின் பெயர், அப்பாவின் பெயர், பெரியப்பாவின் கையெழுத்து, கொழும்பு, நடுவே அந்த வெற்றிடம், எல்லாவற்றையும் அப்படியே எடுத்து அனுப்புவேன். பெரியப்பா மேசையில் இடம் தந்தால்.